யோசுக்காரியின் நாக்கு

தென்கொரியாவில் சுன்சொன் ஊரின் கீழ்ச்சந்தை ஐந்து நாளுக்கு ஒரு தடவை கூடும். இரண்டாம் தேதி, ஏழாம் தேதி, பன்னிரண்டு, பதினேழு என்று இரண்டிலும் ஏழிலும் முடிகிற நாட்கள் எல்லாம் சந்தை நாள். அந்த நாட்களில் காலை எட்டு மணிக்கு ஒக்புன் தன் இரண்டு சக்கர வண்டியைக் கடகடவென்று இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால் மீன் வரிசையில் ஒரு சின்னப் பரபரப்பு கிளம்பும். பழைய சரக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளுவார்கள், புதுச் சரக்கை முன்னால் இழுப்பார்கள். எதற்கு வம்பு? அவள் உப்பில் ஊறிய நெத்திலிச் சாற்றில் ஒரு துளியைச் சுண்டுவிரலால் தொட்டு நாக்கு நுனியில் வைப்பாள். வானத்தைப் பார்ப்பாள். "போன வருஷத்துது" என்பாள். அவ்வளவுதான், பேரமும் பேசமாட்டாள், சண்டையும் போடமாட்டாள், அடுத்த கடைக்குப் போய்விடுவாள். அவள் பின்னாலேயே நாலு பேர் அடுத்த கடைக்குப் போவார்கள்.

அவளுக்கு அறுபத்து மூன்று வயது. யோசு துறைமுகத்தில் பிறந்து, இருபத்து மூன்றில் கல்யாணமாகி இங்கே வந்தவள். வாழ வந்த பெண்களைப் பிறந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள் என்பதால் நாற்பது வருஷமாகச் சந்தையில் அவள் பெயர் யோசுக்காரி. ஒக்புன் என்று ஒரு பெயர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. கணவர் கிபோங் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், அதிலும் ஐந்து வார்த்தை நாயோடு பேசுவது. ஆக அந்த வீட்டில் வாய் என்றால் அது ஒக்புனின் வாய்தான், நாக்கு என்றாலும் அவள் நாக்குதான்.

போன மார்ச்சில் அந்த நாக்கு செத்துப்போனது.

பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே செத்துப்போனது. ஐந்து நாள் காய்ச்சலும் சளியுமாகப் படுத்திருந்தாள். ஆறாம் நாள் எழுந்து கடற்பாசி சூப் வைத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். வெறும் வெந்நீர். உப்புப் போட மறந்துவிட்டோம்போல என்று போட்டாள். மறுபடி வெந்நீர். இன்னும் போட்டாள். கிபோங் எதிரே உட்கார்ந்து கிண்ணத்தைக் காலி செய்தார், எழுந்து போனார், தண்ணீர் ஜாடியை எடுத்து நின்ற இடத்திலேயே அண்ணாந்து குடித்தார். கால் மணி நேரம் கழித்து வந்து இன்னொரு தடவை குடித்தார். என்ன இது, ஒட்டகம் மாதிரி, என்று அவள் கேட்டதற்குத் தாகம் என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ருசியும் வாசனையும் ஆறு மாதத்தில் வரலாம், ஒரு வருஷத்தில் வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்ல இவர் எதற்குப் படிக்க வேண்டும், நானே சொல்வேனே என்று திட்டிக்கொண்டே பஸ் ஏறினாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைத்துக்கொண்டாள். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஏன் விடவில்லை என்றால், நவம்பர் இருக்கிறதே. நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை அவள் வீட்டில் வருஷத்துக்கான கிம்ச்சி, அதாவது மிளகாய் விழுது தடவிய கோஸ் ஊறுகாய், போடுவார்கள். எண்பது கோஸ். மூத்த மகன் குடும்பம் சியோலிலிருந்து வரும், இளையவன் குடும்பம் குவாங்ஜுவிலிருந்து வரும், முற்றத்தில் பெரிய சிவப்புத் தொட்டியைச் சுற்றி எல்லோரும் குந்துவார்கள். பண்டிகைக்கு வந்தாலும் பிள்ளைகள் சாலை நெரிசலைப் பற்றிப் புலம்பிவிட்டு மறுநாளே கிளம்பிவிடுவார்கள். கிம்ச்சி போடுகிற அன்று மட்டும்தான் கையெல்லாம் மிளகாயாக, எங்கேயும் ஓட முடியாமல், உட்கார்ந்து பேசிச் சிரிப்பார்கள். அந்த ஒரு நாளுக்காக அவள் மீதி நாட்களை ஓட்டினாள் என்றுகூடச் சொல்லலாம்.

மூத்த மருமகள் போரா நல்ல பெண், கெட்டிக்காரி. ஆனால் இரண்டு வருஷமாக மெதுவாக ஒரு பேச்சை எடுக்கிறாள். உங்களுக்கு முழங்கால் வலி, எதற்கு அத்தை இந்தப் பாடு, டிவியில் பார்த்து ஆர்டர் செய்தால் பெட்டியில் வீட்டுக்கே வந்துவிடுகிறது என்று. ஒக்புனுக்கு அதற்கு ஒரே பதில்தான்: "டிவிக்கு நாக்கு இருக்கா?" இப்போது தனக்கே நாக்கு இல்லை என்றால் என்ன பதில் சொல்வது? ஒரு வருஷக் கிம்ச்சி சொதப்பினால் போதும். பாவம், அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்பார்கள், தொட்டியைக் கவிழ்த்துவைக்க வேண்டியதுதான். அடுத்த நவம்பரில் பெட்டி வரும், பிள்ளைகள் வரமாட்டார்கள்.

வெயில் காலம் முழுவதையும் கை நினைவை வைத்தே ஓட்டினாள். சூப்புக்கு இத்தனை கரண்டி, துவையலுக்கு இத்தனை சிட்டிகை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனாலும் மறைத்தாள். கிபோங் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார். ஆனால் எண்பது கோஸ் கிம்ச்சியைக் கரண்டி எண்ணிப் போட முடியாது. இந்த வருஷக் கூனி இறால் போன வருஷக் கூனியாக இருக்காது, முள்ளங்கி மழையைப் பொறுத்தது, மிளகாய் வெயிலைப் பொறுத்தது. நாக்கு இல்லாமல் அந்த வேலையைச் செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ் ஓட்டுகிற மாதிரி.

ஆகஸ்ட் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. இளைய மகனின் அறை காலியாகக் கிடப்பதால் வெளிநாட்டிலிருந்து படிக்க வரும் பெண்களுக்கு அதைக் கொடுப்பது வழக்கம். போன வருஷம் வந்த பெண் ஒரு வருஷம் முழுக்க ரொட்டியைத் தின்றே கழித்தாள். அதனால் ஒக்புன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், வருகிற பெண் எல்லாம் சாப்பிடுவாளா? சாப்பிடுவாள் என்றார்கள். அப்படி வந்து சேர்ந்தவள்தான் ஓயுன். மங்கோலியாவில் எங்கோ உள்ளே, கடல் என்ற ஒன்றைக் கண்ணால் பார்க்காத ஊரிலிருந்து வந்தவள். இருபது வயது, உருண்டை முகம், கொரிய மொழியைப் புத்தகத்தில் படித்து அப்படியே பேசுவாள். முகஜாடையில் மட்டும் இந்த ஊர்ப் பெண் மாதிரியே இருந்தாள்.

செப்டம்பர் இரண்டாம் தேதி ஊரைக் காட்டுகிற சாக்கில் அவளைச் சந்தைக்குக் கூட்டிப் போனாள். தீவுக்காரியின் கடைக்கு முதலில் போனார்கள். தீவுக்காரி மேற்குக் கடல் தீவு ஒன்றிலிருந்து வாழ வந்தவள், உப்பில் ஊறிய கூனி இறால் விற்பவள், ஒக்புனுக்கு முப்பது வருஷச் சிநேகிதி. புது முகத்தைப் பார்த்ததும் பல்குச்சியில் ஒரு கூனியைக் குத்தி ஓயுனின் வாயில் வைத்தாள். ஓயுன் மென்றாள், விழுங்கினாள், இரண்டு கையையும் வயிற்றில் கட்டிக் குனிந்தாள்.

"மிகவும் ருசியாக இருக்கிறது," என்றாள்.

வாய் அப்படிச் சொன்னது. ஆனால் இடது புருவம் மட்டும் ஒரு துள்ளுத் துள்ளி அடங்கியதை ஒக்புன் பார்த்துவிட்டாள். அவள் மனசுக்குள் ஒரு மணி அடித்தது. அடுத்த கடையில் வேண்டுமென்றே வீணாய்ப்போன நண்டு ஊறலை ஊட்டினாள். ருசியாக இருக்கிறது என்றது வாய், மூக்கு நுனி முயல் மாதிரி ஆடியது. அதற்கடுத்த கடையில் நல்ல எள்ளுருண்டை. அதற்கு ஓயுன் ஒன்றுமே சொல்லவில்லை. பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டில் மிச்சம் இருந்ததையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடேயப்பா, போன நாக்கு இரண்டு கால் முளைத்து வீடு தேடி வந்திருக்கிறது!

அன்றிலிருந்து ஒரு சந்தை நாள் விடாமல் இருவரும் போனார்கள். ஒக்புன் வண்டியை இழுப்பாள், ஓயுன் பக்கத்தில் நடப்பாள், கடைக்குக் கடை நின்று ஊட்டல்தான். முள்ளங்கியை ஒடித்து ஊட்டினாள், மிளகாய்த்தூளை விரலில் தொட்டு ஊட்டினாள், பூண்டை உரித்து ஊட்டினாள். சந்தையே வாயைப் பிளந்தது. பெற்ற பிள்ளைக்குக்கூட யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள், யோசுக்காரிக்கு என்ன பாசம் என்று காய்கறி வரிசையில் பேசிக்கொண்டார்கள். கொசுறாக ஒரு கைப்பிடி கீரை, இரண்டு சீமைப்பனிச்சைப் பழம் என்று ஓயுனின் கையில் திணித்தார்கள். ஒக்புன் அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுச் சிரித்துவைத்தாள். உள்ளே சுருக்கென்று குத்தும். பாசமா இது? நாக்கை இரவல் வாங்குகிற காரியம். அந்தக் குழந்தையோ ஊட்டும்போதெல்லாம் கண்ணில் ஈரம் மின்ன வாங்கிக்கொண்டாள்.

முறை எப்போதும் பலித்தது என்றும் சொல்ல முடியாது. ஒருமுறை நெத்திலிச் சாற்றைக் குடித்துவிட்டு ஓயுன் சிலைபோல நின்றாள். புருவம் ஆடவில்லை, மூக்கு ஆடவில்லை. பிரமாதம்போல என்று ஒக்புன் பெரிய ஜாடியாக வாங்கிவந்தாள். அன்று இரவுச் சாப்பாட்டில் கிபோங்குக்கு இருமல் வந்து கண் பிதுங்கியது. பாவம், அந்தப் பெண் துப்பக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஜாடி சாக்கடைக்குப் போனது.

அக்டோபரில் ஒரு விடுமுறை நாளன்று ஓயுன் தன் ஊர்த் தேநீர் போட்டுத்தருகிறேன் என்று அடுப்படிக்குள் போனாள். பால் ஊற்றி, கரண்டியால் தூக்கித் தூக்கி ஆற்றி, மூன்று கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். கிபோங் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தையே பார்த்தார். ஒக்புன் முழுவதையும் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தாள்.

"பால் டீன்னா இப்படி இருக்கணும். இனிப்பு திட்டமா இருக்கு," என்றாள்.

ஓயுன் அவளைப் பார்த்தாள். கிபோங் ஓயுனைப் பார்த்தார். இருவரும் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்கள்.

நவம்பர் பதினேழு. கிம்ச்சி போட இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. கூனி வாங்கியாக வேண்டும். போகாமல் இருக்க ஏதாவது சாக்கு கிடைக்குமா என்று ஒக்புன் முதல் நாளே தேடிப்பார்த்தாள். ஏனென்றால் தீவுக்காரிக்கும் அவளுக்கும் முப்பது வருஷமாக ஒரு விளையாட்டு உண்டு. வருஷா வருஷம் இந்தச் சந்தை அன்று தீவுக்காரி இரண்டு பல்குச்சியை நீட்டுவாள். ஒன்றில் தன் தீவுக் கூனி, இன்னொன்றில் வேறு ஊர்க் கூனி. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஜூன் மாதத்துக் கொழுத்த கூனி. தீவுக் கூனி எது என்று ஒக்புன் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஒரு கிண்ணம் நிறையக் கொசுறு. முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் தவறியதில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள்.

இந்த வருஷம் சின்னவள் சொல்லட்டுமே என்று ஒக்புன் நழுவிப்பார்த்தாள். தீவுக்காரிக்கும் அது பிடித்திருந்தது. ஓயுன் இரண்டையும் தின்றாள்.

"இரண்டும் மிகவும் ருசியாக இருக்கின்றன," என்றாள்.

கூட்டம் சிரித்தது. இனி தப்ப வழியில்லை. ஆனால் முதல் குச்சிக்கு அந்த இடது புருவம் துள்ளியதை ஒக்புன் கவனித்திருந்தாள். உப்பு எரிக்கிறது என்றால் அது மட்டச் சரக்கு. வழக்கம்போலத் தானும் இரண்டையும் நாக்கில் வைத்து, வானத்தைப் பார்த்து, இரண்டாவது குச்சியைக் காட்டினாள்.

தீவுக்காரியின் கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. தீவுக் கூனி இருந்தது முதல் குச்சியில். கருவாட்டுக் கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார், குரங்கும் ஒருநாள் கொப்பு தவறத்தான் செய்யும் என்று. யோசுக்காரி நாக்கு சியோலுக்கு டிக்கெட் வாங்கிடுச்சு என்றாள் இன்னொருத்தி. கேலிதான், வேறு எந்த வருஷமாக இருந்தாலும் ஒக்புன் அவர்களை வார்த்தையாலேயே வறுத்திருப்பாள். இன்று முகம் சிவந்து, கூனி வாங்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு நடந்தாள். ஓயுன் பின்னாலேயே ஓடிவந்தாள்.

பயறுக் கஞ்சிக் கடை பெஞ்சில் போய்த்தான் நின்றாள். இரண்டு கிண்ணம் வந்தது. ஓயுன் நாலு வாய் சாப்பிடும்வரை ஒக்புன் கரண்டியைத் தொடவில்லை.

"உனக்கு நான் பாசத்துல ஊட்டல பொண்ணே," என்றாள் கடைசியில். "எனக்கு நாக்கு போச்சு. மார்ச்சுலயே போச்சு. உன் புருவத்தைப் பாத்துதான் மூணு மாசமா சரக்கு வாங்கறேன். நான் ஒரு திருடி."

ஓயுன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியும், பெரியம்மா."

"என்ன தெரியும்?"

"எங்கள் ஊர்த் தேநீரில் சர்க்கரை போடமாட்டோம். உப்புத்தான் போடுவோம். நீங்கள் இனிப்பு திட்டமாக இருக்கிறது என்று சொன்னீர்கள்."

ஒக்புன் வாயடைத்துப்போனாள். அவள் வாழ்க்கையில் அது இரண்டாவது தடவை. முதல் தடவை கல்யாணத்தன்று.

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல? எதைக் குடுத்தாலும் மிகவும் ருசி, மிகவும் ருசின்னு கிளிப்பிள்ளை மாதிரி..."

"நீங்கள் கேட்கவில்லை. பெரியவர்கள் கொடுப்பதைக் குறை சொன்னால் என் அம்மா அடிப்பாள்."

"உங்கம்மா நல்லாத்தான் வளத்திருக்கா. ஆனா இனிமே குறை சொல்லலன்னா நான் அடிப்பேன். எங்க, சொல்லு, இந்தக் கஞ்சி எப்படி?"

"மிகவும்..." என்று ஆரம்பித்த ஓயுன், ஒக்புன் கரண்டியை ஓங்குவதைப் பார்த்து நிறுத்தினாள். கிண்ணத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்சம் அடிப்பிடித்திருக்கிறது."

கஞ்சிக்காரி திரும்பி முறைத்தாள். ஒக்புனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மார்ச்சிலிருந்து அடைத்துவைத்திருந்த சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்து பெஞ்சு ஆடியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, அந்த இரண்டு கூனியும் எப்படி இருந்தன என்று கேட்டாள். ஓயுன் யோசித்து யோசித்துச் சொன்னாள். முதலாவதில் உப்பு அதிகம், ஆனால் விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு இனிப்பு வந்தது. இரண்டாவது வெறும் உப்பு, வேறு ஒன்றும் வரவில்லை. எங்கள் வீட்டில் தேநீருக்கு உப்புப் போடுவது நான்தான், எனக்கு உப்பு தெரியும், என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஒக்புன் மேஜையை ஓங்கி அடித்தாள். அந்த இனிப்புதான்! தீவுக் கூனிக்கும் மற்றதுக்கும் உள்ள வித்தியாசமே அந்த ஒரு இனிப்புதான். அதை இருபது வயதில் இந்தக் கடல் தெரியாத குட்டி பிடித்துவிட்டாள். கஞ்சியை அப்படியே விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பப் போனாள். தீவுக்காரியிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"ஏண்டி, என் நாக்கு லீவுல போயிருக்கு. இப்ப இவதான் என் நாக்கு. இவ சொன்னது முதல் குச்சி."

தீவுக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முப்பது வருஷச் சிநேகிதி, புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. நல்ல தொட்டியைத் திறந்து கூனியை அளந்து கட்டினாள், கிண்ணத்தில் குவித்து எடுத்த கொசுறை ஒக்புனுக்குக் கொடுக்காமல் ஓயுன் கையில் கொடுத்தாள். ஜெயித்த நாக்குக்குத்தான் கொசுறு என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் வீட்டில் சொல்லும் துணிச்சல் ஒக்புனுக்கு வரவில்லை. சந்தை வேறு, மருமகள் வேறு. அதனால் இருவரும் அறைக்குள் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். கிம்ச்சி போடும் அன்று விழுதை எல்லோருக்கும் முன்னால் வழக்கம்போல ஒக்புன் ருசி பார்ப்பாள், ஓயுனும் ஓரமாக ஒரு வாய் பார்த்துக்கொள்வாள். உப்பு போதாது என்றால் இடது காதைத் தொட வேண்டும். அதிகம் என்றால் வலது காது. சரியாக இருந்தால் தலைமுடியைக் கோத வேண்டும். மூன்று நாள் ஒத்திகை பார்த்தார்கள்.

சனிக்கிழமை வந்தது. முற்றம் நிறைந்தது. முந்தின நாளே உப்பில் ஊறி வடிந்த எண்பது கோஸ் வெள்ளையும் பச்சையுமாகக் குவிந்திருந்தன. ஒரு பக்கம் பன்றி இறைச்சி வெந்துகொண்டிருந்தது. பேரப்பிள்ளைகள் நாயைத் துரத்த, நாய் பேரப்பிள்ளைகளைத் துரத்த, மகன்கள் முள்ளங்கி துருவுவதில் போட்டி போட்டார்கள். சிவப்புத் தொட்டியில் மிளகாய், பூண்டு, இஞ்சி, நெத்திலிச் சாறு, தீவுக் கூனி எல்லாம் கலந்து விழுது தயாரானது. கலந்தவள் ஓயுன். முழங்கைவரை ரப்பர் கையுறை, கையுறை முழுக்க மிளகாய்.

வேலை நின்றது. எல்லோரும் ஒக்புனைப் பார்த்தார்கள். அவள் சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். களிமண்ணைத் தின்றாலும் அப்படித்தான் இருந்திருக்கும். வானத்தைப் பார்ப்பதுபோல ஓயுனைப் பார்த்தாள்.

ஓயுன் உதட்டை நக்கிக்கொண்டு கையைக் காதுக்குக் கொண்டுபோனாள். பாதியில் நிறுத்தினாள். அந்தக் கையோடு காதைத் தொட்டால் காது வெந்துவிடும். தோளைத் தூக்கி ஒரு பக்கமாகக் காதைத் தேய்த்தாள். எந்தப் பக்கம்? ஒக்புனுக்குத் தலை சுற்றியது, தனக்கு இடமா அவளுக்கு இடமா? ஓயுன் மறுபடி தோளைக் குலுக்கினாள். பெண்ணுக்குக் குளிர்கிறது போல என்று மூத்த மகன் ஒரு சால்வையைக் கொண்டுவந்து போர்த்தினான்.

அதற்குள் போரா ஒரு விரல் எடுத்துச் சுவைத்துவிட்டு, அருமை அத்தை, எப்பவும்போல என்றாள். இளைய மருமகள் அருமை என்றாள். மகன்கள் இருவரும் பார்க்காமலே அருமை என்றார்கள். இனி ஒக்புன் 'தடவுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் எண்பது கோஸும் தொட்டிக்குள் போய்விடும். போனால் போனதுதான், ஒரு வருஷத்துக்கு. அவள் வாயைத் திறந்தாள்.

"உப்பு பத்தல, பெரியம்மா!"

சால்வைக்குள்ளிருந்து வந்தது குரல். புத்தகத்துப் பேச்சு எல்லாம் பறந்துபோய், சுத்தமான சந்தைப் பேச்சு. யோசுக்காரியின் விழுதில் உப்பு போதாது என்று இந்த வீட்டில் யாரும் இதுவரை சொன்னதில்லை, சொல்லலாம் என்று நினைத்ததும் இல்லை. போரா விரலை வாயிலிருந்து எடுக்காமலே நின்றாள். ஓயுன் செய்த காரியம் ஓயுனுக்கே உறைத்து, முகம் விழுதைவிடச் சிவந்தது.

ஒக்புன் அவளையே பார்த்தாள். அந்தப் பெண்ணின் கண்ணில் பயம் இருந்தது. அம்மாவிடம் அடி வாங்கப்போகிற பயம். தனக்காகத்தானே இந்தப் பிள்ளை பயத்தையும் விழுங்கிக்கொண்டு வாயைத் திறந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

"எவ்ளோ பத்தலடி?" என்றாள்.

"கூனி இன்னும் ரெண்டு கரண்டி."

"போடு." அப்புறம் எல்லோர் பக்கமும் திரும்பினாள். "அவ சொல்றதுதான் கணக்கு. எனக்கு மார்ச்சுலேருந்து ருசி தெரியல. உப்பும் தெரியல, ஒரு மண்ணும் தெரியல. இவ நாக்கை வெச்சுத்தான் சந்தைக்குப் போனேன், இவ நாக்கை வெச்சுத்தான் இதைக் கலந்தேன். இப்ப டிவியில வாங்கணும்னா வாங்கிக்கோங்க."

கிபோங் அடுப்புப் பக்கத்திலிருந்து தொண்டையைக் கனைத்தார்.

"எனக்குத் தெரியும். எட்டு மாசமாத் தண்ணி குடிச்சுக்கிட்டிருக்கேன்."

அந்த ஒரே வரியில் முற்றம் வெடித்துச் சிரித்தது. மூத்தவன் சிரித்துச் சிரித்து முள்ளங்கிமேலேயே சாய்ந்துவிட்டான். ஒக்புன் கோபமாக, தெரிந்தும் எட்டு மாதம் சொல்லாமல் இருந்தீர்களா என்று கேட்டாள். நீ மறைக்கணும்னு நினைச்சே, மறைச்சுக்கோன்னு விட்டேன் என்றார் அவர். அன்றைக்கு அவர் பேச வேண்டிய வார்த்தைகள் எல்லாம் அதோடு தீர்ந்தன.

போரா மட்டும் சிரிக்கவில்லை. விழுதை இன்னொரு தடவை எடுத்து இந்த முறை நிதானமாகச் சுவைத்தாள். ஆமாம், உப்பு குறைவுதான் என்று ஒப்புக்கொண்டாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, இஞ்சியும் சற்றுத் தூக்கலாக இருக்கிறது என்றாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் மாமியாரிடம் சொன்ன முதல் குறை அது. ஒக்புன் அதை ஒரு பரிசுபோல வாங்கிக்கொண்டாள். உடனே இளையவன் பூண்டு பற்றாது என்றான், பேரன் காரம் குறை என்றான், ஆளாளுக்கு விரலை விட்டு ருசி பார்த்துச் சண்டை பிடித்தார்கள். அந்த முற்றத்தில் இவ்வளவு சத்தம் எந்த வருஷமும் கேட்டதில்லை. மருந்துக்குக்கூட யாரும் டிவி என்ற பேச்சை எடுக்கவில்லை.

கடைசியில் ஓயுன் தலையாட்டியதும் எண்பது கோஸும் உள்ளே போயின. போரா ஒக்புனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து இலை இலையாக விழுதைத் தடவிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"அடுத்த வருஷம் நான் நாலு நாள் முன்னாடியே வந்துடறேன் அத்தை. சந்தைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. இந்தப் பொண்ணு ஊருக்குப் போயிட்டா உங்களுக்கு நாக்கு வேணாமா?"

ஒக்புன் அவள் கையுறையை இன்னும் மேலே இழுத்துவிட்டாள். பதினோரு வருஷமாகச் சந்தைக்கு வா என்று இவளைத் தான் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இறைச்சி வெந்து இறங்கியது. முதல் இலையைக் கலந்தவளுக்குத்தான் ஊட்ட வேண்டும். ஒக்புன் கோஸின் நடுவிலிருந்து மஞ்சளான இளம் இலை ஒன்றைப் பிய்த்து, ஒரு துண்டு இறைச்சியை உள்ளே வைத்துச் சுருட்டி, ஓயுனின் வாய் நிறையத் திணித்தாள். இந்த முறை சரக்கு வாங்க வேண்டியதில்லை, எதையும் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஆனாலும் பழக்கதோஷத்தில் அவள் கண் அந்த இடது புருவத்துக்குத்தான் போனது. புருவம் ஆடவில்லை. மூக்கும் ஆடவில்லை. இரண்டு கன்னமும் உப்ப ஓயுன் மென்றாள், விழுங்கினாள்.

எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தொட்டியில் மிச்சம் இருந்ததையே பார்த்துக்கொண்டு, மறுபடி வாயைத் திறந்தாள்.